சின்ன ஊர் வக்கீலின் மகள் எழுதுகிறேன்: அப்பாவின் கேஸ் கட்டுகளில் "த.கை?" என்றால் என்ன?

#1 பொருநைமகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தவறி இன்றோடு 41 நாள். 78 வயது. தாமிரபரணிக் கரையில் ஒரு தாலுகா ஊரில் 45 வருஷம் வக்கீலாக இருந்தவர். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கோர்ட்டை மூடினார்களே, அன்றைக்குக் கழற்றி மாட்டிய கவுன்தான், பிறகு எடுக்கவே இல்லை. பெயர் போடவில்லை. ஊர்க்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் வாசலில் தொங்கிய பி.ஏ., பி.எல். போர்டைச் சொன்னாலே தெரிந்துகொள்வார்கள்.

மதுரையில் சட்டக் கல்லூரி 1974இல்தான் வந்தது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வக்கீலுக்குப் படிக்கணும் என்றால் மெட்ராஸ்தான். அப்பாவும் ஹைகோர்ட்டை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில் படித்துவிட்டு, 1975இல் பதிவு செய்துகொண்டு, அடுத்த வாரமே ஊருக்கு ரயிலேறி வந்துவிட்டார். அங்கேயே ஒரு சீனியரிடம் சேர்ந்திருக்கலாமே அப்பா என்று கேட்டிருக்கிறேன். "உங்க ஆச்சியை யாரு பாப்பா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகாது.

அம்மா டீச்சர். காலை 7 மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியும். அதனால் எனக்கும் அக்காவுக்கும் சடை பின்னுவது அப்பா வேலை. ஆபீஸ் ரூம் பெஞ்சில் எங்களை உட்கார வைத்து, முன்னால் நிற்கிற கட்சிக்காரரிடம் (வழக்குக் கொண்டுவந்தவரிடம்) பேசிக்கொண்டே பின்னுவார். கை பாட்டுக்குக் கை, வாய் பாட்டுக்கு வாய். ஒரு திங்கட்கிழமை எனக்கு ரிப்பன் கிடைக்கவில்லை. மேஜையில் இருந்த ஒரு கேஸ் கட்டை அவிழ்த்து, அந்தச் சிவப்பு நாடாவால் இரட்டைச் சடையையும் மடித்துக் கட்டி அனுப்பிவிட்டார். சாயங்காலம் நான் வந்ததும் வராததுமாக நாடாவை அவிழ்த்து வாங்கிக்கொண்டார். அந்தக் கட்டு மறுநாள் வாய்தாவுக்குப் போகவேண்டியது.

ராத்திரி 8 மணிக்கு ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திவிடுவார். போலீஸ் யாரையாவது பிடித்துக்கொண்டு போயிருந்தால் ஒழிய திறக்க மாட்டார். அப்புறம் பட்டாசாலையில் எங்களோடு உட்கார்ந்து ஒவ்வொருத்தரையும் கேட்பார், அன்றைக்கு என்ன நடந்தது என்று. அம்மாவையும் கேட்பார். குறுக்கே பேசவே மாட்டார். சாட்சி சொல்கிறவரைப் போலச் சொல்லி முடிக்க விட்டுவிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் ரூமில் மூன்று மர பீரோ நிறையக் கட்டுகள் இருக்கின்றன. எல்லாம் முடிந்துபோன வழக்குகள். தூசி தட்டினால் உள்ளே தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், ஒன்றிரண்டு உயில்கூட இருக்கிறது. தம்பி "எடைக்குப் போடவா முடியும், எரிக்கவா முடியும்" என்று கையைப் பிசைகிறான். நாங்கள் மூன்று பேருமே வக்கீல் இல்லை. என்ன செய்யலாம்?

இன்னொன்று. பாகப்பிரிவினைக் கட்டுகளில் மட்டும் முதல் தாளின் மூலையில் சிவப்புப் பென்சிலால் "த.கை?" என்று எழுதியிருக்கிறார். சிலவற்றில் அதன் பக்கத்தில் ஒரு டிக். சிலவற்றில் கேள்விக்குறி அப்படியே நிற்கிறது. அம்மாவுக்கும் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

#2 ஆற்றங்கரை

ஆழ்ந்த இரங்கல் அம்மா. எங்க அப்பா இறந்தப்போ வாரிசுச் சான்றுக்கு மனு எழுதிக்கொடுத்தவர் அவர்தான். காசு வாங்கலை. "துட்டி வீட்டுல போய் பீஸ் கேக்கிறதா?" என்றார்.

#3 பழைய ஜூனியர்

மகளே, போன மாதமே வந்திருக்க வேண்டியவன். வெளிநாட்டில் மகன் வீட்டில் இருந்தேன். செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. மன்னிக்கணும்.

1993 முதல் 2001 வரை உங்கள் வீட்டு ஆபீஸ் ரூமில் இருந்தவன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கட்டில் உள்ள பத்திரங்கள் கட்சிக்காரருடையவை, வக்கீலுடையவை அல்ல. பீஸ் பாக்கி இருந்தால்கூட அதற்காகப் பத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஐயா அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான் இருந்தார். பீஸ் தராமலேயே கேஸை வேறு வக்கீலிடம் மாற்றிக்கொண்டு போனவனுக்கும் கட்டைத் தூசி தட்டி, நாடா மாற்றிக் கொடுத்து அனுப்புவார்.

ஆகவே, ஒரு நோட்டுப் போடுங்கள். வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், என்னென்ன அசல் பத்திரம் என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஆளை வரச்சொல்லி, அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கட்சிக்காரர் காலமாகியிருந்தால், முதலில் வந்து நிற்கிற ஒரு மகனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து வரவேண்டும், அல்லது மற்றவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். உயில் இருந்தால் இன்னும் கவனம். எரிக்க மட்டும் வேண்டாம். தாய்ப்பத்திரம் தொலைந்தது என்றால் அந்தக் குடும்பம் போலீஸில் புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, கிடைக்கவில்லை என்று சான்று வாங்கி, நகலை வைத்துக்கொண்டு பாங்கிலும் கிரயத்திலும் படுகிற பாடு கொஞ்சமில்லை.

இனி ஐயாவைப் பற்றி.

நான் முதல் பிராது எழுதிக்கொண்டு போய் நீட்டியபோது, சொத்து விவரத்தில் நான்கு மாலையும், அதாவது நாலு பக்க எல்லையையும், பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தேன். "வடக்கே புளியமரத்துக்கும்" என்று வரும். ஐயா படித்துவிட்டு, "அந்தப் புளியமரம் இருக்கா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? செருப்பை மாட்டிக்கொண்டு போகச் சொன்னார். உச்சி வெயிலில் நாலு மைல். மரத்தை வெட்டி 20 வருஷம் ஆகியிருந்தது. அது நின்ற இடத்தைப் பற்றித்தான் வழக்கே. அன்றைக்கு நான் போகாமல் இருந்திருந்தால், பின்னால் கோர்ட் நியமித்த கமிஷனர் போய் அளந்து ரிப்போர்ட் கொடுத்தபோது எங்கள் பிராது நின்றிருக்காது.

அப்போதெல்லாம் சாட்சியிடம் அவர் தரப்பு வக்கீலே கேட்கிற முதல் விசாரணையையும் கூண்டில் ஏற்றித்தான் செய்ய வேண்டும். 2002 ஜூலையில் திருத்தம் வந்த பிறகுதான் அதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுக்கிற வழக்கம் வந்தது. ஐயா கூண்டில் ஏறிய கிழவியிடம் கேள்வி கேட்கிற விதத்தைப் பார்க்கவே மற்ற வக்கீல்கள் வந்து உட்காருவார்கள். "எந்தத் தேதியில்" என்று கேட்க மாட்டார். "அப்போ வயல்ல என்ன நின்னுச்சு? நாத்தா, கதிரா?" என்று கேட்பார். கிழவி சரியாகச் சொல்லும்.

"த.கை?" எனக்குத் தெரியும். "தங்கச்சி கையெழுத்து எங்கே?" என்பதன் சுருக்கம் அது. பாகம் பிரிக்கணும் என்று அண்ணன் தம்பிகள் வந்து உட்கார்ந்ததும் ஐயா கேட்கிற முதல் கேள்வி. சொத்து எவ்வளவு என்பதெல்லாம் பிறகுதான். டிக் இருந்தால் கூடப் பிறந்தவளுக்கு ஏதோ ஒரு வகையில் பங்கு எழுதி அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். இல்லை என்றால் ஐயா பேச்சு எடுபடவில்லை.

ஏன் அதை அப்படிப் பிடித்துக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை கேட்கப் போனேன். முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

#4 வயக்காடு

வக்கீலய்யா போயிட்டாகன்னு கேட்டதும் எங்க அம்மை சாப்பிடலை.

எங்க ஐயா குத்தகைக்கு உழுதவரு. நிலத்துக்காரரு ஊரு விட்டுப் போயி, அவரு மகன் வந்து நிலத்தை விடுன்னான். "நீ குத்தகை நெல்லே அளக்கலை, பாக்கி"ன்னு கேஸு. அளந்தது நெசம். ஆனா ரசீது கிடையாது. வாசல்ல கொண்டு போயி அளந்து கொட்டுறதுதான, ரசீது யாரு கேட்டா?

வக்கீலய்யா சொன்னாக: "இனிமே ரசீது இல்லாம ஒரு மரக்கால் அளக்காதே. அவன் வாங்க மாட்டேன்னா ரெவின்யூ கோர்ட்டுல பணமாக் கெட்டிருவோம்." அப்படியே 1955ஆம் வருசத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துல மனுப் போட்டு, பூவுக்குப் பூவு, போகத்துக்குப் போகம், கோர்ட்டுல கெட்ட வச்சாக. குத்தகை உரிமைப் பதிவேட்டுலயும் எங்க ஐயா பேரை ஏத்த வச்சாக. பாக்கின்னு சொல்ல வாயி இல்லாமப் போச்சு. நிலம் நிலைச்சுது.

பீஸு அறுப்புக்கு அறுப்புதான். ஒரு வருசம் மழை இல்லாம நெல்லு மணி பிடிக்காம சாவியாப் போச்சு. எங்க ஐயா வெறுங்கையோட போயி நின்னாரு. "வே, சாவிக்கு எதுக்குவே பீஸு? உக்காரும், காப்பி குடியும்"னாகளாம். எங்க ஐயா சாகுத மட்டும் இதைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

#5 குமாஸ்தா மகன்

தங்கச்சி, என்னைத் தெரியும் உனக்கு. எங்க அப்பாதான் ஐயாவுக்கு 31 வருஷம் குமாஸ்தா.

மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு லீவு. சின்ன ஊரில் அந்த மாதம் வக்கீலுக்கும் வரும்படி கிடையாது, குமாஸ்தாவுக்கும் கிடையாது. நிறையக் குமாஸ்தாக்கள் அந்த ஒரு மாதம் கடையில் கணக்கு எழுதப் போவார்கள். ஐயா தை மாதத்திலிருந்தே ஒரு பழைய ஆர்லிக்ஸ் பாட்டிலில் எங்க அப்பாவின் மே மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைப்பார். பாட்டில் எங்கே இருக்கும் என்று எங்க அப்பாவுக்கும் தெரியும். கை வைக்க மாட்டார், ஐயா எடுத்துக் கொடுக்கும் வரைக்கும்.

அந்த லீவில் ஒரு நாள் இரண்டு வீட்டுக்காரர்களும் பஸ் பிடித்து பாபநாசம் போவோம். கோயிலுக்குப் போய்விட்டு அகஸ்தியர் அருவி. குற்றாலத்தில் சாரல் தொடங்காத மாதத்திலும் அங்கே தண்ணி விழும். டீச்சரம்மா கட்டிய புளியோதரை, எங்க அம்மா வறுத்த வத்தல். ஐயா அருவியில் நின்றுகொண்டு எங்க அப்பாவைக் கத்திக் கூப்பிடுவார், முதுகு தேய்த்துவிட. பிறகு எங்க அப்பா முதுகை அவர் தேய்ப்பார். கோர்ட்டில் அவருக்குப் பின்னால் கட்டுத் தூக்கிக்கொண்டு நடந்த எங்க அப்பாவின் முதுகை.

#6 பம்பாய்த் தமிழன்

எல்லாரும் நல்லது சொல்கிறீர்கள். அதெல்லாம் உண்மையாகவே இருக்கும். என் பக்கத்தையும் பதிவு செய்கிறேன், மகள் வருத்தப்பட வேண்டாம்.

அவர் வாதாடிய ஒரு வழக்கில் நான் எதிர்த்தரப்பு. 1988. சாட்சி சொல்ல பம்பாயிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்தேன், பாக்டரியில் லீவு சொல்லி. கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து, மகளுக்குக் கடும் காய்ச்சல், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், வாய்தா வேண்டும் என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்க வேண்டியதுதான். ஆனால் என் சம்பளம்? என் ரயில் காசு?

ஒன்றைச் சொல்ல வேண்டும். நீதிபதி தேதி போடப் போகும்போது அவரே, "எதிர்த்தரப்புச் சாட்சி பம்பாயிலிருந்து வந்திருக்கிறார், வாய்தாச் செலவு போடுங்கள், கட்சிக்காரர் தலையில் வேண்டாம், நான் கட்டுகிறேன்" என்றார். மூன்று நாள் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார். செலவும் கட்டினார். ஆனாலும் அந்த மூன்று நாள் சம்பளம் எனக்குப் போனது போனதுதான். அதற்குப் பிறகு பாக்டரியில் எனக்கு லீவு கேட்கவே பயம். வழக்கிலும் தோற்றேன்.

#7 பொருநைமகள்

அண்ணாச்சி, அந்தக் காய்ச்சல் எனக்குத்தான். எட்டு வயசு. டைபாய்டு. பஸ்ஸில் அப்பா மடியில் படுத்துக்கொண்டு போனது மட்டும் நினைவு இருக்கிறது. கோர்ட்டிலிருந்து நேரே வந்திருந்தார். கழுத்தில் வெள்ளைப் பட்டை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டே போனேன். அன்றைக்கு இன்னொரு வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு நஷ்டம் வந்தது என்று இன்றுதான் தெரிகிறது. நீங்கள் சொன்னதற்கு நன்றி. வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், உங்களுக்காக இருக்கிறது.

#8 கட்டிக்கொடுத்தவள்

மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது 1987இல். 1996இல் எங்கள் அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்தார்கள். எழுதிக்கொடுத்தது உங்கள் அப்பா. எனக்கு ஒரு சென்ட் கிடையாது. தெரிந்ததும் பஸ் ஏறி வந்தேன். கோர்ட் வாசலில் வைத்து அவரிடம் கேட்டேன், "நான் இந்த வீட்டுப் பொண்ணு இல்லையா?" என்று. "சட்டப்படி இப்போ உனக்குப் பங்கு இல்லைம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஊர் மண்ணை மிதித்தது அப்பா செத்ததற்கு மட்டும்தான், 2002இல்.

இத்தனை வருஷமும் அந்த மனுஷனை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது தங்கச்சி கையெழுத்து என்று ஏதோ சொல்கிறீர்கள். எங்கள் கட்டில் என்ன எழுதியிருக்கிறது? எனக்குப் பார்க்க வேண்டும்.

#9 மதுரைக்கிளை

நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொழில் செய்கிறேன். 2004 ஜூலை 24இல் கிளை திறக்கும் வரை தென்மாவட்டத்துக்காரர்கள் இரண்டாம் அப்பீலுக்கு மெட்ராஸ்தான் போக வேண்டும். இந்த இழையில் பேசப்படுகிற ஐயா, தனியாக ரயிலேறத் தெரியாத ஒரு விதவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் போய், அங்குள்ள வக்கீலிடம் கட்டை ஒப்படைத்துவிட்டு, அதே ராத்திரி திரும்பியதை என் சீனியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அக்கா, சட்டத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு வந்தது. மத்திய அரசு எழுந்திருக்க 16 வருஷத்துக்கு முன்பே நம் சட்டமன்றம் செய்தது அது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகள்களை விட்டுவிட்டார்கள். உங்கள் கல்யாணம் 1987. கட்டிக்கொடுத்த மகளுக்கும் உண்டு என்று சொன்னது 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம். அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. உங்கள் பத்திரம் 1996. ஆக, கோர்ட் வாசலில் அவர் சொன்னது அன்றைய சட்டப்படி சரி.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பத்திரத்தில் உங்கள் அப்பாவும் ஒரு பாகஸ்தர் என்கிறீர்கள். அவர் பாகத்துக்கு என்ன எழுதினார்கள்? அவர் பேரிலேயே தனியாக ஒரு ஷெட்யூல் (சொத்துப் பட்டியல்) இருந்து, உயிலோ, உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கிற செட்டில்மெண்டோ எழுதாமல் அவர் 2002இல் காலமாகியிருந்தால், அந்தச் சொத்தில் உங்கள் அம்மா, அண்ணன்மார், நீங்கள் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குச் சமபங்கு. அது 1956 சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணமானது பற்றிய பேச்சே அதில் கிடையாது.

#10 பழைய ஜூனியர்

தம்பி மதுரைக்கிளை சொன்னது சரி. ஆனால் மகளே, நீங்கள் அந்தக் கட்டைப் பிரித்து இவர்களுக்குக் காட்டக்கூடாது. அது அண்ணன்மார் கட்டு. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது, வக்கீல் கட்சிக்காரருக்குச் சொன்னது, எல்லாம் ரகசியம். பழைய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலையில் வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் அப்படித்தான். வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை தீராது. ஐயா போய்விட்டார் என்பதால் அவர் பென்சிலில் எழுதியது ஊர்ச் சொத்தாகிவிடாது.

#11 கட்டிக்கொடுத்தவள்

அப்படியென்றால் இப்போதும் அண்ணன்மாருக்குத்தான் வக்கீலா? செத்த பிறகும்?

#12 பழைய ஜூனியர்

இல்லைம்மா, கோபப்படாதீங்க. உங்களுக்கு அந்தக் கட்டே தேவையில்லை. பதிவான பத்திரம் எல்லாருக்கும் திறந்த புத்தகம். சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் நகல் மனுப் போடலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்த்து, பத்திர எண்ணும் வருஷமும் எடுத்துக்கொண்டால், சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். அண்ணன்மார் தரவேண்டாம், உங்கள் கையாலேயே எடுக்கலாம். அப்பா பாகம் அவர் பேரிலேயே நிற்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம், 1987ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. 12 வருஷத்துக்கு மேல் நாங்கள்தான் தனியாக அனுபவிக்கிறோம் என்று அண்ணன்மார் வாதம் கிளப்பலாம். கூட்டு வாரிசுக்குள் அந்த வாதம் அவ்வளவு சுலபத்தில் நிற்காது. மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் அதுவே கோர்ட் டிகிரி, தீர்ப்பு மாதிரி; மேல் அப்பீல் கிடையாது.

#13 பொருநைமகள்

அக்கா, அந்தக் கட்டை நான் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன். ஜூனியர் அண்ணா சொன்னது அப்பா சொன்ன மாதிரியே இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கட்டு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நேற்று அத்தையிடமும் கேட்டுவிட்டேன். "எழுது, அவன் ஒளிச்சவனா என்ன?" என்றாள்.

தாத்தா 1977இல் இறந்தார். உயில் இல்லை. அன்றைய சட்டத்தில்கூட தாத்தாவின் பங்குக்குள் அத்தைக்கு ஒரு சிறு பங்கு உண்டு. அதனால் அவள் கையெழுத்து இல்லாமல் அப்பாவும் சித்தப்பாவும் பிரிக்க முடியாது. 1978இல் அத்தையிடம், பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். எழுதியது அப்பா. தொழிலுக்கு வந்து மூன்று வருஷம். அவருடைய கையெழுத்தில் உள்ள வரைவு பீரோவின் அடித்தட்டில் இருந்தது. "என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்" என்று எல்லாரும் எழுதுகிற அதே வாசகம்.

அத்தை சொன்னாள்: "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்கே கையெழுத்துப் போடணும்னு கேட்டேன். எதுக்குன்னு கேக்கலை. அண்ணன்லா சொல்லுதான்."

1989இல் சட்டம் வந்த போது அப்பா அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்று அம்மா சொல்கிறாள். அத்தைக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றும் கிடைக்காது, அவள் முன்பே கல்யாணமானவள். எந்தக் கோர்ட்டும் அப்பாவைக் கேட்காது. 1991இல் தன் பங்கு நஞ்சையிலிருந்து வாய்க்காலை ஒட்டிய 40 சென்ட்டை அத்தை பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதினார். எங்கள் மூன்று பேருக்கும் பள்ளிக்கூடச் செலவு இருந்த காலம். அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "உனக்குக் கஷ்டமா இல்லையாம்மா?" என்றேன். "அந்த ரெண்டு நாளுதான் கஷ்டம்" என்றாள்.

அத்தை வாங்க மாட்டேன் என்று ஒரு மாதம் இழுத்தாளாம். அப்பா போய் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்டி, எதற்கு இந்தக் கையெழுத்து, எதற்கு அந்தக் கையெழுத்து என்று வரிவரியாகச் சொல்லியிருக்கிறார். அந்த 1978 வரைவின் மூலையில்தான் சிவப்புப் பென்சில் "த.கை?" இருக்கிறது. டிக் இல்லை. 1991 பத்திரத்தின் நகலில் இருக்கிறது.

அக்கா, கோர்ட் வாசலில் அப்பா உங்களிடம் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்கும் வலிக்கிறது. எதிர்த்தரப்பு என்பதால் அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லையா, பேசத் தெரியவில்லையா, எனக்கு அது தெரியவே போவதில்லை.

#14 கட்டிக்கொடுத்தவள்

நகல் வந்துவிட்டது. 14 பக்கம்.

இரண்டு ஷெட்யூல் அண்ணன்மாருக்கு. மூன்றாவது எங்கள் அப்பாவுக்கு, கிணற்றுப் பங்கோடு, "சர்வ சுதந்திர பாத்தியமாய்" என்று எழுதி. உயிரோடு இருக்கும்வரை மட்டும் அனுபவிக்கிற ஆயுள் பாத்தியம் இல்லை. அவருக்குப் பின் மகன்களுக்கு என்ற வரியும் இல்லை. வில்லங்கத்தில் 2002 வரை அப்பா எதையும் யாருக்கும் எழுதவில்லை. மதுரைக்கிளைத் தம்பியிடம் போனில் வாசித்துக் காட்டினேன். இந்த மாதிரிப் பத்திரங்களில் அப்பாவுக்கு வெறும் ஆயுள் பாத்தியம் மட்டும் எழுதுவதுதான் வாடிக்கை அக்கா, இதை எழுதினவர் வேண்டுமென்றேதான் இப்படி எழுதியிருக்கணும் என்றார்.

எனக்கு அது உண்மையா என்று தெரியாது. அப்படியே இருந்தாலும் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம் போகவில்லை. பெரிய அண்ணனுக்குப் போன் செய்ய முடியாது. சின்ன அண்ணனுக்குச் செய்தேன். 29 வருஷம் கழித்து. அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை, கொஞ்ச நேரம். பிறகு "ஊருக்கு வா" என்றான். வருகிற வாரம் போகிறேன்.

#15 பொருநைமகள்

அக்கா, ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வாங்க. அம்மா உங்களைப் பார்க்கணும் என்கிறாள்.

மற்றவர்களுக்கு: நோட்டுப் போட்டாயிற்று. குமாஸ்தா அண்ணன் வந்திருந்து, அவங்க அப்பா எழுதி வைத்த பழைய வழக்குப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து விலாசம் கண்டுபிடித்துத் தருகிறார். சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை ஆபீஸ் ரூம் திறந்திருக்கும். இதுவரை 31 கட்டுகள் போய்விட்டன. வயக்காடு அண்ணாச்சி, உங்கள் ஐயா பெயரில் உள்ள கோர்ட் ரசீதுகள் பத்திரமாக இருக்கின்றன, ஒவ்வொரு பூவுக்கும் ஒன்று. அம்மையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

போன சனிக்கிழமை அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள், அவர்கள் அப்பாவின் 1961ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்துக்காக. அடையாள அட்டை, வாரிசுச் சான்று எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். சான்றில் மூன்று பெயர் இருந்தது. மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டேன். "தங்கச்சிதான், களக்காட்டுல இருக்கா. அவ எதுக்கும்மா?" என்றார் பெரியவர். நான் நோட்டைக் காட்டினேன். மூன்று கோடு போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டு மேஜை மேலேயே இருக்கிறது. நாடா இற்றுப்போயிருந்தது, புதுசு மாற்றிவிட்டேன்.